பத்தியமா? பழக்கமா?

காலையில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டால் மலேசியத் தமிழர் கேட்கும் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். காலை உணவுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் 'பசியாறல்'. பசி ஆறினால் போதும், எழுந்து வேலையைப் பார்க்கலாம் என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆனால், இன்று நம்மில் பலருக்குப் பசி ஆறிய பிறகும் சாப்பாடு நிற்பதில்லை. காலையில் இரண்டு ரொட்டி சானாய், அதனுடன் ஒரு தே தாரேக். பத்து மணிக்குக் கறிபாப். மதியம் குவியலாகச் சோறு. மாலையில் பசார் மாலாமில் வாங்கிய ஏதாவது ஒன்று. இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் மீ கோரேங். இதன் விளைவைக் காண விரும்புவோர், விடிந்ததும் விடியாததுமாக அரசாங்கக் கிளினிக் வாசலில் எண் வாங்கக் காத்திருக்கும் நம்மவர் கூட்டத்தைச் சென்று பார்க்கலாம்.

சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. குறைந்துவிட்டதே என்று நாம் பெருமூச்சு விடுவதற்குள், பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரின் சிறுநீரகம் கெட்டதற்கு முதற்காரணமும் நீரிழிவுதான். வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் ஓர் உறவினரையாவது அறியாத மாணவர் நம்மில் குறைவு.

இவையெல்லாம் நமக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் நம் வீடுகள் ஏன் மாறவில்லை? என் கருத்து இதுதான்: உணவு மாற்றத்தை நாம் பத்தியமாகப் பார்க்கிறோம், பழக்கமாகப் பார்க்கவில்லை.

பத்தியத்தின் குறை

பத்தியம் நமக்குப் புதியதன்று. அம்மை கண்டவருக்குப் பத்தியம், பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம், நாட்டு மருந்து உண்பவருக்குப் பத்தியம். இவை எல்லாவற்றிலும் இரண்டு பொது இயல்புகள் உண்டு. ஒன்று, பத்தியம் ஒருவருக்கு மட்டும் உரியது. மற்றொன்று, பத்தியம் சில நாளுக்கு மட்டும் உரியது. காய்ச்சலுக்கு இது சரி. நீரிழிவும் இரத்த அழுத்தமும் காய்ச்சல் அல்லவே! அவை வந்தால் ஆயுள் முழுதும் உடனிருப்பவை.

ஆனால், நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பாவுக்கு 'இனிப்புநீர்' என்று டாக்டர் சொல்லிவிட்டால், மறுநாளே அவருக்குத் தனிச் சமையல் தொடங்கிவிடும். ஒரே மேசையில் அவர் தட்டில் ஓட்ஸ் கஞ்சி. மற்றவர்கள் தட்டில் ஆட்டுக்கறிப் பிரட்டல். அவருக்குச் சீனியில்லாத் தேநீர். பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டி மைலோ, அதன் மேல் கெட்டிப்பால். மூன்று வாரம் பொறுத்துக்கொள்வார். நான்காம் வாரம் வேலை முடிந்து வரும் வழியில் மாமாக் கடையில் வண்டியை நிறுத்துவார். உடனே "வாயைக் கட்ட முடியாத மனுஷன்" என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம். வீட்டார் எல்லாரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரை மட்டும் வாயைக் கட்டச் சொன்னால் அது எத்தனை நாளைக்கு நடக்கும்?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் திருக்குறளின் 95ஆம் அதிகாரம் நினைவிருக்கும். 'மருந்து' என்பது அதன் தலைப்பு. ஆனால், அந்த அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவோடு உண்பதைப் பற்றியே வள்ளுவர் அதில் பெரும்பாலும் பேசுகிறார். நோயாளிக்கு ஒரு சட்டி, நோயில்லாதவருக்கு ஒரு சட்டி என்று அவர் பிரிக்கவில்லை.

உழைப்புப் போனது, அளவு போகவில்லை

"நம் பாரம்பரிய உணவே போதும், வெளி உணவுதான் கெடுதல்" என்பார் ஒரு சாரார். "நம் சோறும் குழம்பும்தான் கெடுதல்" என்பார் மறு சாரார். இரண்டுமே முழு உண்மை அல்ல. நம் தட்டின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

என் பாட்டி கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். இருட்டு விலகும் முன் பெரட்டுக்குப் போய், மரம் மரமாக நடந்து, வெட்டி, பாலெடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். திரும்பி வந்து தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, லயத்தின் பின்னாலுள்ள கீரைப் பாத்தியைக் கொத்துவார். அந்த உடம்பு தட்டு நிறையச் சோறு கேட்டது. கேட்டதில் நியாயம் இருந்தது. சோறு, பருப்பு, கருவாடு, கீரை, முருங்கைக்காய். கோழி அடிப்பது சம்பள நாளிலும் பெருநாளிலும்தான்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனையும் அழிந்து தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்தன. நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். லாரி ஓட்டுநர், காவலாளி, தொழிற்சாலை ஆப்பரேட்டர், குமாஸ்தா என்று உட்கார்ந்தும் நின்றும் செய்யும் வேலைகளுக்கு மாறினார்கள். உழைப்பு மாறியது. சோற்றின் அளவு மட்டும் தோட்டத்து அளவாகவே நின்றுவிட்டது. அதன்மேல் அன்று பெருநாளுக்கு மட்டும் வந்த கோழி இன்று நாள்தோறும் வருகிறது. கீரைப் பாத்தி மட்டும் மாடி வீட்டுக்கு வரவில்லை.

தேநீரையும் சொல்ல வேண்டும். நாம் 'பால்' என்று ஊற்றும் டின்னின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பல டின்களில் 'கிரீமர் மானிஸ்' என்றுதான் இருக்கும். அது பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கலவை. நாம் பால் குடிப்பதாக எண்ணிச் சீனி குடிக்கிறோம்.

எனவே, தாத்தா பாட்டியின் உணவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய உழைப்பை விட்டுவிட்டு அளவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே குறை.

பரம்பரை என்றால் பரிகாரமும் பரம்பரைக்கே

"எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உண்டு. பரம்பரை வியாதி. என்ன செய்வது?" என்று கேட்போர் உண்டு. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். தெற்காசிய வம்சாவளியினருக்கு, உடம்பு பெருத்துத் தெரியாத நிலையிலும் இந்நோய் வரக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால், இதிலிருந்து நாம் பெறும் முடிவுதான் தலைகீழாக இருக்கிறது. அப்பாவின் நோய் நாளை நமக்கும் வரக்கூடும் என்றால், அப்பாவின் தட்டில் இன்று வரவேண்டிய மாற்றம் நம் தட்டிலும் இன்றே வரவேண்டும் அல்லவா?

மாற்றத்தால் பயன் உண்டா என்ற ஐயத்திற்குச் சென்னையிலிருந்தே விடை இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கண்காணித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். உணவையும் நடையையும் தொடர்ந்து மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடு. நோய் முற்றாக ஒழியவில்லை. ஆனால், பலர் தப்பித்தனர். அவர்களும் நம்மைப் போல் சோறும் குழம்பும் உண்டு வளர்ந்த நாட்டினர்தாம்.

ஒரு வீட்டில் ஓராண்டு

வெறும் அறிவுரையாக முடிந்துவிடக் கூடாது என்பதால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் ஐந்து பேர்: பாட்டி, அப்பா, அம்மா, தங்கை, நான். அப்பா லாரி ஓட்டுநர். 2023இல் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அப்போது அம்மா ஒரு முடிவு சொன்னார்: "அவருக்குன்னு தனியா அடுப்பு மூட்ட என்னால முடியாது. மாறுனா எல்லாரும் மாறணும்." களைப்பில் சொன்ன சொல்தான், ஆனால், அதைவிடச் சிறந்த மருத்துவ அறிவுரையை நான் கேட்டதில்லை.

இரண்டு விதிகள் வகுத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அது பழகும் வரை அடுத்ததைத் தொடுவதில்லை.

முதலில் தேநீர். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை எல்லார் கோப்பையிலும் அரைக் கரண்டிச் சீனி குறைந்தது. டின் பால் மெல்ல மெல்லக் குறைந்து பசும்பாலானது. "கழனித்தண்ணி மாதிரி இருக்கு" என்று பாட்டி முகம் சுளித்தார். மூன்று மாதம் கழித்து ஒரு திருமண வீட்டில் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடி இது, பாயசமா?" என்று அவரே கேட்டார். நாக்கும் பழக்கத்திற்கு அடிமைதான், பழக்கினால் பழகும். முன்பு பத்து நாளில் தீர்ந்த ஒரு கிலோ சீனி இப்போது ஒரு மாதம் வருகிறது. வழியில் கடைகளில் நிறுத்தும்போது அப்பா 'தே ஓ கோசோங்' கேட்கப் பழகிக்கொண்டார்.

அடுத்தது சோறு. சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை நமக்குத் தெரிந்ததே. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். சுவரொட்டியில் பார்க்க எளிது. தோட்டத்து அளவில் சோறுண்ட குடும்பத்திற்கு அது ஒரே நாளில் நடக்காது. எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பழைய பால்டின்னால். நான்கு டின் மூன்றரையானது. சில வாரம் கழித்து மூன்றானது. சோற்றுப் பானை அடுப்படியிலேயே இருந்தது. மேசையின் நடுவில் காய்கறிச் சட்டி வந்தது. பயத்தங்காய், கங்கோங், பாகற்காய், தௌகே என்று சந்தையில் அன்று எது மலிவோ அது. பழுப்பரிசி மட்டும் எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை. பாட்டியின் பற்களுக்கு அது ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம்.

மூன்றாவது நடை. இரவு உணவுக்குப் பின் தாமானைச் சுற்றி இருபது நிமிடம். சாப்பிட்டபின் நடந்தால், இரத்தத்தில் ஏறும் சீனியைத் தசைகள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இருபது நிமிட நடை நாள்தோறும் நடந்தால் 140 ஆகிவிடுகிறது. தொடக்கத்தில் பக்கத்து வீட்டார், "குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?" என்று சிரித்தார்கள். இப்போது அவர்களில் இருவர் எங்களோடு நடக்கிறார்கள்.

பெருநாள் உணவை நாங்கள் தொடவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் உண்டு, ஆட்டுக்கறியும் உண்டு. தீபாவளி ஒரு மாதம் நீளாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஓராண்டு கழித்து அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 9.6இலிருந்து 7.8க்கு வந்தது. இன்னும் இறங்க வேண்டும். டுரியான் காலத்தில் அவர் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மாத்திரை தொடர்கிறது. இதை அழுத்திச் சொல்கிறேன்: உணவு மாறியதே என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

மெல்ல மாறுவதற்கு அறிவியல் சான்றும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் அச்சேறிய ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஊன்றச் சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகலாம் என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. மூன்று வாரத்தில் மாறவில்லை என்று கைவிடுவோர், விதை ஊன்றிய மறுவாரம் மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர் போன்றவர்.

எதிர்வாதங்கள்

"நல்ல உணவுக்குப் பணம் வேண்டும்" என்பது முதல் எதிர்வாதம். ஆலிவ் எண்ணெயும் வெளிநாட்டுப் பழமும்தான் நல்ல உணவு என்றால் இது சரி. ஆனால், முருங்கைக்கீரையும் கெம்போங் மீனும் பருப்பும் கொய்யாவும் அந்தப் பட்டியலில் இல்லாமல் போனது எப்படி? வாங்காமல் விட்ட சீனி, டின் பால், குளிர்பானம் ஆகியவற்றின் காசில்தான் எங்கள் வீட்டில் காய்கறி வந்தது.

"நேரம் இல்லை" என்பது இரண்டாவது. இதை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்பும் தாய்க்கு, காய்கறி நறுக்கச் சொல்லி அறிவுரை கூறுவது அநியாயம். அதனால்தான் மாற்றம் குடும்பத்தின் வேலை என்கிறேன். "அம்மா, இனிமேல் சத்தாகச் சமையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளால் எதுவும் மாறாது. ஆண்பிள்ளைகள் இதில் முதலில் எழ வேண்டும். கத்தியும் பலகையும் எடுத்துக் காய் நறுக்குவதில் ஆண்மை குறைந்துவிடாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் தங்கையுடையதும் என்னுடையதும். அன்று அம்மாவுக்கு ஓய்வு.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்பது மூன்றாவது. அரசாங்கமும் சில செய்திருக்கிறது. 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகை நீக்கப்பட்டது. 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள ஆயத்தப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது 50 சென்னாக உயர்ந்தது. ஆனால், வீட்டில் கலக்கும் தேநீருக்கு எந்த அமைச்சரும் வரி போட முடியாது. அடுப்படியின் நிதியமைச்சர் நாம்தான்.

தமிழ் படித்தவர்களின் கடமை

இக்கட்டுரையை மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கிளினிக்கில் அதிகாரி மலாய்மொழியில் விளக்குகிறார். கையேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ கொடுக்கிறார். நம் பாட்டிமார் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டில் "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டால், "சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாரு" என்பார்கள். அதிகாரி சொன்னது அதுவன்று. எப்படிச் சாப்பிடலாம் என்றுதான் சொன்னார்.

தமிழ்ப்பள்ளியில் நாம் மாவுச்சத்து, புரதம், நார்ச்சத்து என்று படித்தோம். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் அவற்றையே கார்போஹிட்ராட், புரோத்தேயின், செராட் என்று படித்தோம். இந்த இரு கரைக்கும் பாலமாக நிற்கக்கூடியவர்கள் நாம் மட்டுமே. நம் தாத்தாவுக்கு 'கார்போஹிட்ராட்' புரியாது, "தாத்தா, சோறும் உருளைக்கிழங்கும் ஒரே சாதி. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா ரெண்டு தட்டுச் சோறு மாதிரி" என்றால் புரியும். பத்துக் கவியரங்கம் நடத்துவதற்குச் சமமான தமிழ்ப்பணி இது என்பேன்.

கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள். நம் நிகழ்ச்சிகளில் பிரியாணிப் பொட்டலமும் சிராப் பண்டோங்கும் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்ற எண்ணத்தை மாற்றுவோம். அடுத்த நிகழ்ச்சியில் முதல் மேசையில் வெறும் தண்ணீரை வைப்போம். இனிப்புப் பானம் இரண்டாம் மேசைக்குப் போகட்டும். அதற்கு அடுத்த நிகழ்ச்சியில் அதன் சீனியைப் பாதியாக்குவோம். யாருக்கும் பத்தியம் வேண்டாம், எல்லாருக்கும் பழகட்டும்.

தோழர்களே, பருவ விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அறிவுரைப் பட்டியலோடு போகாதீர்கள். நாம் படித்தவர்கள் என்ற மிடுக்கோடு அம்மாவின் சமையலைக் குறை சொல்லவும் வேண்டாம். ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை முதலில் உங்கள் கோப்பையில், உங்கள் தட்டில் செய்து காட்டுங்கள். அப்பாவோடு ஒரே சட்டியில் உண்டு, சாப்பிட்டதும் அவரை அழைத்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்து வாருங்கள். பட்டமளிப்பு விழாவில் நம்மைப் பார்க்க அவர் வந்து அமர வேண்டும். அதன் பின்னும் நெடுங்காலம் நம்மோடு அமர்ந்து பசியாற வேண்டும்.